மேல்புறம், கீழ்புறம்

கட்டடத்துக்குப் பிளான் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் ஆட்கள் எங்கே படுப்பது, சிமெண்ட்டை எங்கே அடுக்குவது, வெட்டின மண்ணை எங்கே கொட்டுவது என்று யோசிக்க ஒரு நாதி இருக்காது. கேட்டால் "டெம்பரவரிதானே" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுடைய டெம்பரவரிக்குள்தான் நான் குடித்தனம் நடத்தினேன், பிள்ளை வளர்த்தேன், ஆடிக்கும் தீபாவளிக்கும் பலகாரம் சுட்டேன்.

என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சூப்பர்வைசர். எந்த ஊரில் வேலையோ அந்த ஊர்க் கொட்டாய்தான் எங்களுக்கு வீடு. தகரமோ கீற்றோ போட்டு நாலு பக்கமும் அடைத்தால் அது எங்கள் சேலத்துப் பக்கம் கொட்டாய். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. புது இடத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நிலம் முழுக்க நடப்பார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், லாரி எங்கே திரும்பும், அடுப்புப் புகை யார் மூஞ்சியில் அடிக்கும் என்று பார்ப்பார். அப்புறம் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு கிழிப்பார். கக்கூஸ் எங்கே வரவேண்டும் என்பதற்கே அரை நாள் நின்று யோசிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை என்று நான் கேலி செய்வேன்.

ஏற்காட்டு வேலையில் மட்டும் அவர் கோடு கிழிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. அப்போதெல்லாம் சிமெண்ட் நினைத்தால் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. பர்மிட் வேண்டும். அந்தப் பர்மிட்டுக்காக இவர் சேலத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேலே மலையில் ஒரு லாட்ஜ் கட்டுகிற வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டருக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. அவரே ஜீப்பில் போய், மேஸ்திரியை ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் பிடித்து, ஜீப்பில் உட்கார்ந்தபடியே எது எது எங்கே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சிமெண்ட் குடோனை மட்டும் ஏற்கெனவே பக்கத்தில் நின்று கட்ட வைத்திருந்தார். பாறை மேல், ரோட்டை ஒட்டி, கருங்கல் சுவர் வைத்து, கதவுக்கு இரண்டு பூட்டு போட்டு. தங்கம் வைக்கிற மாதிரி.

அந்த நிலம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே ரோடு, உயரத்தில். அங்கிருந்து மேற்கே இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஓர் ஓடை. கிழக்கே மேடு, மேற்கே பள்ளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆவணியில் நானும் என் மகளும் பஸ் ஏறிப் போனோம். மகளுக்கு அப்போது மூன்று வயசு முடியவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். இறங்கிப் பார்த்தால் கொட்டாய்கள் எல்லாம் சரிவின் அடியில், ஓடைக்குச் சமீபமாக வரிசையாக இருந்தன. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். நிமிர்ந்து பார்த்தேன். கொட்டாய்களுக்கு நேர் மேலே, சரிவின் பாதியில், சிவப்பாக ஒரு பெரிய மண்மேடு நின்றது. ரோட்டிலிருந்து லாரி இறங்க வழி வெட்டினார்களே, அந்த மண். அதைச் சுமந்து தூரப் போடாமல் வெட்டின இடத்தின் ஓரத்திலேயே தள்ளிக் குவித்திருந்தார்கள். இன்னும் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். என்னங்க இது என்று இவரைக் கேட்டேன். அவரும் பர்மிட் கிடைத்து எனக்கு ஒரு வாரம் முன்னால்தான் வந்து சேர்ந்திருந்தார். "மொதலாளி சொன்ன எடமாம்" என்றார். முகம் நன்றாக இல்லை.

எங்களுக்குப் பக்கத்துக் கொட்டாயில் ஓர் இளம் ஜோடி இருந்தது. எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவர்கள். அவன் கல் உடைக்கிறவன், அவள் சித்தாள். கைக்குழந்தை ஒன்று, பிறந்து நாலைந்து மாதம் இருக்கும். வேலை நேரத்தில் அவள் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். என் சேலையில் தூளி கட்டி, என் மகளை ஆட்டச் சொல்லிவிட்டு நான் சமைப்பேன். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயசு குறைச்சல். வாய் ஓயாது. ஓடைக்குத் துவைக்கப் போனால் நாங்கள் திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும்.

தகரக் கூரையில் அவ்வப்போது சின்னச் சின்னக் கற்கள் வந்து விழும். டக் டக்கென்று சத்தம் கேட்கும். குரங்கு எறிகிறது என்று என் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் வெளியே ஓடிப்போய்க் குரங்கைத் தேடுவாள். நான் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து மண்மேட்டை அண்ணாந்து பார்ப்பேன்.

புரட்டாசியில் ஒருநாள் காண்ட்ராக்டர் வந்தார். கீழே வரைக்கும் அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தேன். மேஸ்திரி கை கட்டி நின்றார். வாழவந்திப் பக்கத்து மனிதர், மலையிலேயே காலங்காலமாக விவசாயம் பார்க்கிற குடும்பம், நல்ல மாதிரி. டீயை வாயில் வைத்த காண்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மண்ண ஏய்யா இங்க கொட்டுனீங்க? மேல்பொறம் கொட்டச் சொன்னேனே?"

"மேல்பொறந்தானுங்க கொட்டியிருக்குது. கொட்டாய கீழ்பொறம் போடச் சொன்னீங்க, போட்டாச்சுங்க."

எனக்குத்தான் முதலில் புரிந்தது. நான் சேலத்துக்காரி. எங்கள் பக்கம் பத்திரத்தில் எழுதுகிறபோது மேல்புறம் என்றால் மேற்கு, கீழ்புறம் என்றால் கிழக்கு. காண்ட்ராக்டர் காடு கழனி வாங்கி விற்கிற ஆள், பேச்சே பத்திரப் பேச்சு. மண்ணை மேற்கே பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டு, கொட்டாயைக் கிழக்கே ரோட்டோரம் போடு என்று அவர் சொல்லியிருக்கிறார். மலையில் பிறந்தவருக்கு மேல் என்றால் மேடு, கீழ் என்றால் பள்ளம். வேறெப்படிப் புரியும்? சமவெளியில் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காது. அந்தச் சரிவில் இரண்டும் தலைகீழ்.

விஷயம் விளங்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். காண்ட்ராக்டருக்குப் புரை ஏறிவிட்டது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லுவானேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அந்த மண்மேடு அதுபாட்டுக்கு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு என்ன, சிரிப்பா வரும். மழைக்குள்ள மாத்திரலாம், டெம்பரவரிதானே என்று சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் ஜீப்பில் ஏறிப் போனார்.

மாற்றினால்தானே? கொட்டாயைப் பிரித்து மேலே கட்ட நாலு நாள் வேலை கெடும் என்றார்கள். மண்ணை அள்ளிப் போட லாரி வேண்டும், லாரி அடிவாரத்தில் பழுதாகி நிற்கிறது என்றார்கள். அடுத்த தடவை வந்தபோது காண்ட்ராக்டருக்குச் சிரிப்பு இல்லை. நான் சரியாகத்தான் சொன்னேன், கேட்டவனுக்கு அறிவு வேண்டாமா என்றார். மேஸ்திரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. மலையில் வந்து மலைப் பேச்சு பேசாதது யார் குற்றம் என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தப்பு இவர் மேலா அவர் மேலா என்கிற வழக்கு ஊர்ப் பஞ்சாயத்து அளவுக்குப் போயிற்று. டீக்கடையில் இரண்டு கட்சி. தலைக்கு மேல் மண் நிற்கிறது, இவர்களுக்கு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுகிற வேலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் மண்மேட்டுக்குப் பின்னால் ஆள் வைத்து ஒரு வாய்க்கால் வெட்டினார். மழைத் தண்ணீர் மேட்டுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் போகட்டும் என்று. காண்ட்ராக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். சொல்லியாச்சே என்று என்னிடமும் சொன்னார். சொன்னால் மண் கேட்குமா என்றேன். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஐப்பசி பிறந்தது. முதலில் மஞ்சு இறங்கியது, பனிமூட்டத்துக்கு மலையில் அதுதான் பேர். பகலெல்லாம் மஞ்சுதான். எதிரில் சில்வர் ஓக் மரம் நிற்பது தெரியாது, மண்மேடும் தெரியாது. தெரியாமல் இருந்தபோதுதான் எனக்குப் பயம் அதிகம். பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்தது. கூரையில் கல் விழுவது நின்றுபோனது. நல்லதுதானே என்று பக்கத்துக் கொட்டாய்க்காரி சொன்னாள். எனக்கு அப்படிப் படவில்லை. உதிர்ந்துகொண்டிருந்தது இப்போது ஒன்றாகச் சேர்ந்துகொண்டு கனக்கிறது என்று தோன்றியது. எங்கள் கதவு ஒருநாள் காலையில் சாத்த வரவில்லை. நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுப்பு மூட்டுகிற இடத்தில் தரை நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் தரைக்கு அடியிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது, சிவப்பாக.

அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை. இவரிடம் கையை நீட்டி, குடோன் சாவியைக் கொடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "நான் குடுக்கல, நீயா எடுத்துக்கிட்டே" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் அரிசிப் பானையுமாக மழையில் சரிவு ஏறினேன். பக்கத்துக் கொட்டாய்க்காரியைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அவள் வந்ததும் மற்றப் பெண்கள் எல்லோரும் சட்டிபானையோடு பின்னால் வந்துவிட்டார்கள். இரண்டு பூட்டையும் திறந்து, சிமெண்ட் மூட்டைகளின் மேலேயே பாயை விரித்து உட்கார்ந்தோம். அந்த மாதத்தில் அன்றைக்குத்தான் என் முதுகு நனையாமல் இருந்தது.

மறுநாள் காண்ட்ராக்டர் வந்து குதித்தார். பர்மிட் சிமெண்ட், அதன் மேல் குழந்தைகள் மூத்திரம் போகிறதே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். போகச் சொல்லிப் பார்த்தார். நான் வாசலை மறித்து நின்றேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கத்திவிட்டு இறங்கி வந்தார். சரி, மழை விடுகிற வரைக்கும் சனம் இங்கேயே இருக்கட்டும், மூட்டைகளைக் கீழே தகரக் கொட்டாயில் பலகை போட்டு அடுக்குங்கள், டெம்பரவரியாக இருக்கட்டும் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆண்கள் அன்றைக்கே சாக்கைப் போர்த்திக்கொண்டு மூட்டைகளை இறக்கி எங்கள் கொட்டாயிலும் பக்கத்துக் கொட்டாயிலும் அடுக்கினார்கள்.

கிளம்புகிறபோதுதான் காண்ட்ராக்டருக்குக் காவல் ஞாபகம் வந்தது. பூட்டுப் போடக் கதவே சரியில்லாத கொட்டாயில் பர்மிட் சிமெண்ட் கிடக்கிறது, ஒரு மூட்டை போனாலும் போனதுதான், எந்நேரமும் ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும் என்றார். யார் என்று யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. பக்கத்துக் கொட்டாய்க்காரியின் புருஷனுக்கு அதற்கு முந்தின வாரம்தான் பாதத்தில் கல் விழுந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தான். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆள், காவலுக்கு உட்காரட்டும், கூலி உண்டு என்றார் காண்ட்ராக்டர். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சனம் இருக்கக் கூடாத எடத்துல காவலுக்கு மட்டும் மனுசன் இருக்கலாமாங்க?"

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு என்னம்மா வந்துச்சு? மழ வலுத்தா மேல ஓடியாரட்டும்."

அவன் நொண்டிக்கொண்டு நிற்கிறான், ஓடி வரட்டும் என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உடுங்க அக்கா, கெடுத்துப் போடாதீங்க. கூலியில்லாம ஊட்டுல உக்காந்து மனசு நொம்ப சடைஞ்சு போச்சு அவருக்கு" என்று காதோடு சொன்னாள். அவள் கெஞ்சுகிறபோது நான் என்ன பேசுவது? இவரைப் பார்த்தேன். இவர் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நல்ல மழை. மேலே குடோன் வாசலில் நின்றால் கீழே எங்கள் கொட்டாயின் கதவருகே அவன் ஒரு கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு பீடி குடிப்பது தெரியும். மஞ்சு இருந்தால் அதுவும் தெரியாது. அவள் அப்போது கையைக் குவித்துக்கொண்டு ஒரு குரல் கொடுப்பாள். அவனும் கீழேயிருந்து ஒரு குரல் கொடுப்பான். மழை வலுத்தால் இவர் தானே போய் அவனைத் தோளில் தாங்கி மேலே கூட்டிவருவார். விட்டதும் அவன் இறங்கிப் போவான். போகாதே என்று இவர் சொன்னாலும் கேட்கமாட்டான். கூலி வாங்கிவிட்டு உட்காராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பான்.

வந்தது மழையில் அல்ல. அதுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மழை விட்டுவிட்டது. காலையில் வெயில்கூட வந்தது. பெண்கள் ஈரத்துணிகளை எல்லாம் காப்பிச் செடிகள் மேல் விரித்திருந்தோம். எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது. அவள் அவனுக்குக் கொண்டுபோகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டினால் வருமே, அந்தச் சத்தம். பெரிதாகக்கூட இல்லை. ஜல்லி லாரி வந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். யாரோ ரோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தார்கள். ரோட்டில் லாரி இல்லை. திரும்பினால் சரிவில் மண்மேடும் இல்லை. கீழே கொட்டாய்களும் இல்லை. சிவப்பாக, ஈரமாக, ஒரே மட்டமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. கையைக் குவித்துக்கொண்டு குரல் கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டுகிற வரைக்கும் தோண்டினார்கள். மேஸ்திரி கையாலேயே மண்ணை வாரினார். பொழுது சாய்கிறபோது காண்ட்ராக்டர் வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தார், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் தோண்டிக்கொண்டே, "நான் கெழக்குன்னுதானே சொன்னேன், நான் கெழக்குன்னுதானே சொன்னேன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மேஸ்திரி, கீழ்புறம் என்றுதானே சொன்னீர்கள் என்று அழுதார்.

மறுநாள் மண்ணை அள்ளிய பிறகு சிமெண்ட் மூட்டைகள் வந்தன. தண்ணீர் குடித்து இறுகி, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பாறையாகக் கிடந்தன. கடப்பாரை இறங்கவில்லை. அவன் அவற்றுக்கு நடுவில் இருந்தான். அவனோடு கல் உடைத்தவர்களே உளியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் மேலே வந்து, அவளை வெளியே விடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கிப் போனார். மனுஷன் அழுதிருந்தார்.

குடோன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரவெல்லாம் தூங்காமல் இருந்தவள் அப்போதுதான் கொஞ்சம் கண் அசந்திருந்தாள். குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. கீழேயிருந்து உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது, ஒன்று, அப்புறம் இரண்டு மூன்றாக. அவள் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"வேல ஆரம்பிச்சுட்டாங்களாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அவரு கால் வலியோட போயிருப்பாரு, பாருங்க" என்று சொல்லி, குழந்தையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.